மூன்று பேருக்குத் தெரியும்

‘தெரியுமா’ செயலி வந்த முதல் ஆறு மாதத்தில் ஈரோட்டில் பதினொரு கல்யாணங்கள் நின்றுபோனதாகப் பேசிக்கொண்டார்கள். பெண் வீட்டார் போனை எடுத்து, “மாப்பிள்ளைக்குக் குடிப்பழக்கம் உண்டா?” என்று கேட்பார்கள். யாரும் பதில் சொல்லவே வேண்டாம். “உங்கள் வட்டத்தில் பதினான்கு பேருக்கு இதன் விடை தெரியும்” என்று திரையில் ஒரு வரி வரும். குடிக்காதவனைப் பற்றித் தெரிந்துவைத்திருக்கப் பதினான்கு பேர் எதற்கு? தேங்காய் பழத் தட்டோடு எழுந்து வந்துவிடுவார்கள்.

நல்லதும் நடந்தது. ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்த இந்துமதி அதைக் கண்ணால் பார்த்தாள். அரிதான ரத்த வகை வேண்டுமென்று ஒருவர் கேட்ட அரை மணி நேரத்தில் நான்கு பேர் வாசலில் வந்து நின்றார்கள். பழைய முறையில் ஒருவர் எழுதிப் போட, நூறு பேர் படிக்காமலே அடுத்தவருக்குத் தள்ளிவிடுவார்கள். இதில் அந்தத் தொல்லை இல்லை. கேள்வி, விடை தெரிந்தவரிடம் மட்டும் போகும். அவர் முன் மூன்று பொத்தான்கள் இருக்கும்: பெயரோடு சொல்லலாம், பெயர் மறைத்துச் சொல்லலாம், அல்லது ‘சொல்ல விருப்பமில்லை’ என்பதை அழுத்தலாம். கேட்டவர் யார் என்று அவருக்குக் காட்டாது.

இந்துமதியிடம் ஒரே ஒரு கேள்விதான் இருந்தது. அதைக் கேட்கப் பயந்து எட்டு மாதம் தள்ளிப்போட்டாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்குப் பிறகு, கணவன் சிவசங்கர் பள்ளிக்கூடத்துப் பரீட்சைத் தாள்களைத் திருத்திக்கொண்டிருந்தபோது, சமையலறையில் நின்றபடியே கேட்டுவிட்டாள்.

“என் தம்பி தரணிதரன் எங்கே இருக்கிறான்?”

தரணி வீட்டை விட்டுப் போய் ஒன்பது வருடம் ஆகியிருந்தது. வீரப்பன்சத்திரத்தில் அப்பாவுக்கு எட்டு விசைத்தறிகள். அவற்றை விற்றுவிட்டு வேறு தொழில் பார்ப்போம் என்றான் தரணி. பேச்சு முற்றி அப்பா கை நீட்டிவிட்டார். அன்று சாயங்காலம் பையோடு போனவன்தான். அப்போது இந்துமதி வயிற்றில் ஐந்து மாதம். அப்பா சாகும்வரை “வருவான், எங்க போயிருவான்” என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார்.

திரையில் எழுத்து வந்தது.

‘உங்கள் வட்டத்தில் மூன்று பேருக்கு இதன் விடை தெரியும்.’

இந்துமதி கையைத் துடைத்துக்கொண்டு அந்த வரியை மறுபடி படித்தாள். இருட்டுவதற்குள் இன்னொரு வரியும் சேர்ந்தது. ‘மூவரும் பதில் சொல்ல விரும்பவில்லை.’

*

கோயம்புத்தூரில் ‘தெரியுமா’ நிறுவனத்துக்கு ஒரு அலுவலகம் இருந்தது. விடுப்பு எடுத்துக்கொண்டு போனாள். எதிரே உட்கார்ந்த பெண்ணுக்கு இருபத்தைந்து வயதுதான் இருக்கும். சட்டையில் மிருதுளா என்று பெயர் குத்தியிருந்தது.

“மூணு பேரோட பேரை மட்டும் குடுங்க. நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்” என்றாள் இந்துமதி.

“பேர் எங்களுக்கே தெரியாதுங்க மேடம்.”

“அதெப்படி? உங்க மெஷின்தானே சொல்லுது?”

“மெஷின் இங்க இல்லைங்க. ஒவ்வொருத்தர் போனுக்குள்ளயும் இருக்கு. அவங்க பேசறது, எழுதறது, குறிச்சு வைக்கறது எல்லாத்தையும் அந்தப் போன் மட்டும் படிச்சு வச்சுக்கும். இவருக்கு என்னென்ன தெரியும்னு அதுக்குத் தெரியும். நீங்க கேட்டதும் உங்க வட்டத்துல இருக்கற எல்லாப் போனுக்கும் கேள்வி போகும். ‘என் ஆளுக்குத் தெரியும்’, இல்லைன்னா ‘தெரியாது’. இவ்வளவுதான் வெளிய வரும். நாங்க கூட்டிச் சொல்றோம்.”

“தப்பாச் சொல்லாதா?”

“இதுவரைக்கும் சொன்னதில்லைங்க.”

“அப்ப என்னைச் சுத்தி இருக்கற மூணு பேரு என் மூஞ்சியப் பாத்துச் சிரிச்சிட்டே மறைக்கறாங்க. அவங்க யாருன்னு தெரியாம நான் எப்படிம்மா சோறு திங்கறது?”

அந்தப் பெண் கண்ணாடிச் சுவருக்கு அப்பால் யாராவது கவனிக்கிறார்களா என்று பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். “உங்க வட்டத்துல இருந்து ஒருத்தரை எடுத்துட்டா, அவங்களுக்குத் தெரிஞ்சிருந்தா, எண் குறையும். ஆனா ஏழு நாள் கழிச்சுத்தான் மாறும். ஒருத்தர் போன் ஏழு நாள் அணைஞ்சு கிடந்தாலும் அப்படித்தான். நீங்க எடுத்துட்டீங்கன்னு அவங்களுக்குத் தகவலும் போயிரும். வேண்டாங்க மேடம். அப்படிப் பண்ணினவங்க யாரும் திரும்பி வந்து எனக்கு நன்றி சொன்னதில்லை.”

*

இந்துமதியின் வட்டத்தில் இருநூற்றுப் பன்னிரண்டு பேர் இருந்தார்கள்.

ஒரு வருடத்துக்கும் மேல் அவள் ஞாயிற்றுக்கிழமைதோறும் கேள்வியை மட்டும் கேட்டுக்கொண்டிருந்தாள். வாரம் ஒருமுறைதான் ஒரே கேள்வியைக் கேட்க முடியும். ஒவ்வொரு முறையும் மூன்று பேர், மூவருக்கும் விருப்பமில்லை. கல்யாண வீடுகளில் பந்தியில் உட்கார்ந்தால் எதிர்வரிசை முகங்களை எண்ணினாள். சின்னத்தை ஏன் கண்ணைப் பார்த்துப் பேசவில்லை? மளிகைக்கடைக்காரர் ஏன் திடீரென்று அன்பாக விசாரிக்கிறார்? பரிசோதனைக் கூடத்தில் ஒருநாள் இரண்டு பேருடைய ரத்தக் குப்பிகளில் சீட்டை மாற்றி ஒட்டிவிட்டாள். நல்லவேளை, உடனிருந்தவர் பார்த்துத் தடுத்தார்.

அதன் பிறகுதான் நீக்கத் தொடங்கினாள். வாரத்துக்கு ஐந்தாறு பேர்.

முதலில் அவ்வளவாகப் பழக்கமில்லாதவர்கள். பிறகு கூடப் படித்தவர்கள், அத்தைகள், அண்ணன்முறைக்காரர்கள். ‘இந்துமதி உங்களைத் தன் வட்டத்திலிருந்து நீக்கிவிட்டார்’ என்று அவர்களுக்குத் தகவல் போனது. சிலர் காரணம் கேட்டார்கள். சிலர் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. சின்னத்தை நேரில் வந்து, “என்ற மேல என்ன சாமி கோவம்? உன்ற பிரசவத்துக்கு நாந்தான கூட இருந்தேன்?” என்று வாசலிலேயே நின்று கேட்டுவிட்டு, தண்ணீர்கூடக் குடிக்காமல் போனாள். எண் மூன்றாகவே இருந்தது.

ஐந்தாவது மாதம் ஒரு வியாழக்கிழமை சாயங்காலம், பள்ளியிலிருந்து வந்த சிவசங்கர் செருப்பைக்கூடக் கழற்றாமல் கூடத்தில் நின்றார். போனை அவளிடம் நீட்டினார்.

“என்னையுமா?”

இந்துமதி போனை வாங்காமல் திரையில் இருந்த தன் பெயரைப் பார்த்தாள்.

“உன் தம்பியத் தேடி ஆறு ஊருக்கு உன்னோட வந்தவன் நான். நாகப்பட்டினத்துல ஆஸ்பத்திரிப் பிணவறைக்கு உள்ள போய்ப் பாத்துட்டு வந்தவனும் நான்தான், நீ வெளிய உக்காந்திருந்தே. எனக்குத் தெரிஞ்சா உன்கிட்ட மறைப்பேன்னு நெனச்சியா, இந்து?”

“நெனைக்கலீங்க. ஆனா... நீங்க மறைக்கலைன்னு உறுதியாத் தெரிஞ்சுக்கணும்னு தோணிருச்சு.”

“ஏழு நாள்ல தெரிஞ்சிரும்” என்றார் அவர். அந்த ஏழு நாளும் மகளோடு பேசினார், சாப்பிட்டார், பள்ளிக்குப் போனார். அவளோடு மட்டும் பேசவில்லை. அது கழிந்து வந்த ஞாயிற்றுக்கிழமையும் எண் மாறவில்லை. இந்துமதி அவரை மறுபடி வட்டத்துக்கு அழைத்தாள். ஏற்றுக்கொள்ளவா என்று அவருடைய போன் கேட்டது. அதற்கு அவர் பதில் தரவே இல்லை.

அம்மாவை நீக்க வேண்டுமென்று அவளுக்குத் தோன்றவேயில்லை.

*

அடுத்த மாதம் நாச்சிமுத்து இறந்துபோனார். அப்பாவின் தறித் தொழிலில் பாதிப் பங்குக்காரர். சின்ன வயதிலிருந்து இந்துமதி அவரை மாமா என்றுதான் கூப்பிடுவாள். மாரடைப்பு. ஷாமியானா போட்டு, நாற்காலிகள் இறக்கி, மதியத்துக்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

பத்து நாள் கழித்து ஞாயிற்றுக்கிழமை அவள் வழக்கம்போல் கேள்வியைக் கேட்டாள்.

‘உங்கள் வட்டத்தில் இரண்டு பேருக்கு இதன் விடை தெரியும்.’

சிவசங்கருக்குப் பிறகு அவள் யாரையும் நீக்கியிருக்கவில்லை. இரண்டு வருடமாக மாறாத எண், தானாகக் குறைந்திருந்தது. மாலை போட்டு, நெற்றியில் ஒற்றை நாணயம் ஒட்டி, ஐஸ் பெட்டிக்குள் கிடந்த நாச்சிமுத்து மாமாவின் முகம் நினைவுக்கு வந்தது. தெரிந்தவர்களில் ஒருவர் அவர்தான். தெரிந்தே எத்தனை பொங்கலுக்கு அவள் வீட்டுக்குக் கரும்போடு வந்திருப்பார்!

அப்படியே அந்தச் சாவு வீட்டை மனதில் ஓட்டிப் பார்த்தாள். யார் யார் வந்தார்கள், யார் அழுதார்கள். ஷாமியானாக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு ஒருவன் நின்று கண்ணைத் துடைத்தது ஞாபகம் வந்தது. பவானியில் டூ-வீலர் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கும் ஃபிரோஸ். தரணியோடு பாலிடெக்னிக்கில் படித்தவன். தரணி காணாமல் போன புதிதில், “எனக்கு எதுவும் தெரியாதுக்கா” என்று சொன்னவன். அவனுக்கும் நாச்சிமுத்து மாமாவுக்கும் என்ன சம்பந்தம்?

மறுநாள் காலை பவானி பஸ்ஸில் ஏறினாள்.

ஃபிரோஸ் ஒரு வண்டியின் பின் சக்கரத்தைக் கழற்றிக்கொண்டிருந்தான். அவளைப் பார்த்ததும் ஸ்பானரைக் கீழே வைத்தான்.

“நாச்சிமுத்து மாமாவ உனக்கு எப்படிப்பா தெரியும்?”

அவன் கையில் இருந்த கிரீஸைத் துணியில் துடைத்தான். துடைத்துக்கொண்டே இருந்தான்.

“ஞாயித்துக்கிழமை மத்தியானம் ஆனா போனைப் பாக்கவே பயமா இருக்கும்க்கா” என்றான் கடைசியில். “பிரியாணி முன்னால உக்காந்திருப்பேன், போன் அடிக்கும். ‘தரணிதரன் எங்கே இருக்கிறான்?’ யாரு கேக்கறாங்கன்னு அது சொல்லாது. உங்களைத் தவிர வேற யாருக்கா கேப்பா? நூறு தடவைக்குப் பக்கம் இருக்கும், அந்த மூணாவது பொத்தானை அழுத்தி அழுத்தி... போனைத் தூக்கிப் போட்டுரலாம்னு பாத்தேன். போட்டா எண் குறையும், நான்தான்னு கண்டுபுடிச்சிருவீங்கன்னு அதையும் செய்யல.”

“எங்க இருக்கான்?”

“உள்ள வந்து உக்காருங்கக்கா.”

“நின்னுட்டே கேக்கறேன். சொல்லு.”

சொன்னான். சூரத்துப் பக்கம் ஒரு சாயப்பட்டறையில் தரணிக்கு வேலை வாங்கித் தந்தது ஃபிரோஸ்தான். இரண்டு பேரும் ஒரே அறை. மூன்றாவது மாதம் பெருமழை. அறைக்குள் முழங்கால் அளவு தண்ணீர். தண்ணீரை இறைக்க தரணி மோட்டார் சுவிட்சைப் போட்டான். அவ்வளவுதான். ஃபிரோஸ், இந்துமதியின் அப்பாவுக்குப் போன் செய்தான். அப்பாவும் நாச்சிமுத்துவும் வந்தார்கள். அங்கேயே எரித்தார்கள்.

“உங்களுக்கு அப்ப எட்டாவது மாசம், ரத்தக்கொதிப்பு ஏறிக் கிடக்கறீங்க, டாக்டரு அசையக்கூடாதுன்னுட்டாருன்னு அப்பா சொன்னாரு. அம்மாவுக்கும் அந்த வருசம்தான் இதயத்துல ஆபரேஷன். ‘ரெண்டு பேரையும் நான் காப்பாத்தோணும் தம்பி, கொழந்த பொறக்கட்டும், அப்பறம் நானே சொல்லிக்கறேன்’னு என் கையப் புடிச்சுச் சத்தியம் வாங்கினாரு. அப்பறம் கொழந்த பொறந்துச்சு. அவரால சொல்ல முடியல. போகப் போக அது இன்னும் கஷ்டமாயிருச்சு. அவரும் போயிட்டாரு. சத்தியத்துல இருந்து எங்களை விடுவிக்க ஆளில்லாம போச்சு.”

இந்துமதி அங்கே கிடந்த காலி ஆயில் டின்மேல் உட்கார்ந்துவிட்டாள். ஃபிரோஸ் கடைப் பையனிடம் டீ வாங்கி வரச் சொன்னான். அது ஆறிப்போய் மேலே ஆடை படர்ந்தது.

பிறகு அவள் கேட்டாள். “வேற யாருக்குத் தெரியும்?”

“யாருக்கும் தெரியாதுக்கா. நாங்க மூணு பேரு மட்டுந்தான். இப்ப நான் ஒருத்தன்.”

“ரெண்டுன்னு காட்டுதே.”

ஃபிரோஸ் அவளை நிமிர்ந்து பார்த்தான். அவனுக்கு உண்மையாகவே புரியவில்லை.

*

பஸ்ஸில் திரும்பி வரும்போது ஒரு முடிவுக்கு வந்திருந்தாள். அம்மாவுக்கு எழுபது வயதாகிறது. இதயக் குழாயில் ஸ்டென்ட் வைத்த உடம்பு. அப்பா எதற்காக மறைத்தாரோ அதையே தானும் செய்வது. சிவசங்கரிடம் மட்டும் சொல்லி, அவர் காலில் விழுந்தாவது மன்னிப்புக் கேட்பது. அம்மாவிடம் ஒரு வார்த்தை கூடாது. இரண்டாவது ஆள் யாராக இருந்தால் என்ன?

அம்மா வசந்தாமணி வீரப்பன்சத்திரத்து வீட்டில் தனியாக இருந்தாள். இந்துமதி உள்ளே நுழைந்தபோது மணி ஒன்று. அம்மா தரையில் உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள்.

“வேலைக்குப் போகலயா?”

“லீவும்மா. சும்மா பாத்துட்டுப் போலாம்னு...”

அம்மா அவள் முகத்தைப் பார்த்தாள். கீரை உருவிய கை நின்றது. பிறகு கீரைத் தட்டை ஒரு பக்கமாக நகர்த்தி வைத்தாள்.

“அந்தக் கேள்வி இனிமே எனக்கு வராதில்ல, கண்ணு?”

இந்துமதிக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியபோது, அம்மாவுக்கு எதிரே தரையில் உட்கார்ந்தாள்.

“அம்மா... உனக்கு...”

“உங்கப்பா நடுப்பகல்ல தறியை நிறுத்தி நான் பாத்ததே இல்லை. அன்னைக்கு ஒரு போன் வந்துச்சு. எட்டுத் தறியும் ஒவ்வொண்ணா நின்னுது. என்னங்கன்னு ஓடிப் போய்ப் பாத்தேன். இந்துவுக்கு நல்லபடியாப் பிரசவம் ஆகோணும், நாச்சிமுத்துவும் நானும் பழனி போயிட்டு வந்தர்றம்னாரு. நாலு நாள் கழிச்சு மொட்டைத் தலையோட வந்தாரு. பையில பஞ்சாமிர்தம் இல்லை. இந்த ஊருல இருந்து பழனிக்குப் போனவன் எவன் வெறுங்கையோட வந்திருக்கான்? சட்டையில வேற சுடுகாட்டுப் புகை வாசம். நானேதான் தொவச்சேன்.”

“நீ கேக்கலயா அவரை?”

“எப்படிக் கேப்பேன்? எனக்குத் தெரிஞ்சா நெஞ்சு நின்னுரும்னு அந்த மனுசன் பயந்துட்டுக் கெடக்கறாரு. எனக்குத் தெரியும்னு தெரிஞ்சா அவரு ஒடைஞ்சிருவாரு. கைநீட்டி அனுப்பினது அவருதான? கடைசி நாளு ஆஸ்பத்திரியில என் கையப் புடிச்சிட்டு, ‘தரணி வந்தா திட்டாத, சோறு போடு’ன்னாரு. சரிங்கன்னேன். அப்படியே போயிட்டாரு.”

வாசலில் ஒரு தண்ணீர் லாரி போனது.

“போனுக்கு எப்படித் தெரிஞ்சுது?” இந்துமதியின் குரல் அவளுக்கே கேட்கவில்லை.

“வருசா வருசம் திதி மறந்துருமேன்னு போன்ல சொல்லி வச்சிருந்தேன். ‘ஆவணி தேய்பிறை நவமி, தரணிக்கு அன்னதானம்’னு. கோயில்ல கேட்டா தாத்தா பேருன்னு சொல்லிக்குவேன். போன்கிட்டப் பொய் சொல்லோணும்னு எனக்குத் தெரியல.”

இந்துமதிக்குக் கோபம் வந்தது. அழுகையும் சேர்ந்து வந்தது. “ரெண்டு வருசம்மா! நான் பைத்தியக்காரி மாதிரி அலைஞ்சேன். சின்னத்தைய இழந்தேன், கூடப் பொறக்காத பொறப்பா இருந்தவங்க எல்லாரையும் தூக்கி எறிஞ்சேன். எம் புருசன் ஒரு வாரம் எங்கூடப் பேசல. ஒரு வார்த்தை நீ சொல்லியிருந்தா...”

“தெரியும் சாமி. பாத்துட்டுத்தான இருந்தேன். மூணு தடவை சொல்லிரலாம்னு அந்தப் பொத்தான்மேல கைய வச்சேன்.”

“அப்பறம் ஏன்?”

அம்மா முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டாள். சொல்வதற்குக் கூச்சப்படுகிறவள்போல் தரையைப் பார்த்தாள்.

“ஞாயித்துக்கிழமையானா அந்தக் கேள்வி வரும். ‘தரணிதரன் எங்கே இருக்கிறான்?’ இருக்கிறான்னு போட்டிருக்கும். இந்த உலகத்துல ஒருத்தி அவனை இன்னும் தேடிட்டிருக்கா. நீ தேடற வரைக்கும் அவன் எங்கியோ இருக்கற மாதிரி இருந்துச்சு கண்ணு. அதை நானே எப்படி நிறுத்துவேன்?”

இந்துமதி நகர்ந்துபோய் அம்மாவின் தோளைப் பிடித்துக்கொண்டாள். எலும்புதான் கையில் தட்டுப்பட்டது. இந்த உடம்பு பதினோரு வருடம் இதைச் சுமந்திருக்கிறது.

“நிறுத்திட்டயா?” என்று அம்மா கேட்டாள்.

“நிறுத்திட்டேன்மா.”

அப்போதுதான் வசந்தாமணி அழுதாள். முதலில் மூச்சு திணறுவதுபோல ஒரு சத்தம். பிறகு வாய்விட்டு, மார்பில் அடித்துக்கொண்டு, நேற்று செத்தவனுக்கு அழுவதுபோல அழுதாள். தெருவே கேட்டிருக்கும். இந்துமதி தடுக்கவில்லை.

பக்கத்து வீட்டு ருக்மணி கையில் கரண்டியோடு ஓடி வந்தாள். அவள் பின்னால் இன்னும் இரண்டு பெண்கள். “என்னாச்சுக்கா? ஏன் இந்து, அம்மாவுக்கு என்னாச்சு? நெஞ்சு வலியா?”

இந்துமதி வாயைத் திறப்பதற்குள் அம்மா தலையை நிமிர்த்தினாள். யாரிடமும் வாய்விட்டுச் சொல்லாத ஒன்றை, வாசலில் நின்ற மூன்று பேரிடம் சொன்னாள்.

“என்ற பையன் செத்துட்டான் ருக்கு. பதினோரு வருசமாச்சு.”

ருக்மணி கரண்டியைக் கீழே வைத்துவிட்டு உள்ளே வந்தாள். அம்மாவின் அருகில் உட்கார்ந்து, அவளைத் தன் பக்கம் சாய்த்துக்கொண்டாள்.